பாஸ் மார்க் அரை

என்னை நாய் கடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்கடிக்கு மூன்று ஊசி போட்டுக்கொண்டேன் என்றதும் எல்லோரும் என் கெண்டைக்காலைத்தான் பார்க்கிறார்கள். கடைக்கு எதிரே படுத்திருக்கும் கிழட்டு நாயைக்கூடச் சந்தேகப்படுகிறார்கள். பாவம், அதற்குப் பல்லே கிடையாது. எந்த நாயும் கடிக்காமல், நானாகவே போய்க் கை நீட்டிக் குத்திக்கொண்ட ஊசி அது. என் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கும் குத்தவைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் உண்டு. அதைப் பக்கத்தில் நின்ற அக்கா மடியிலும் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் தையல்காரன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படியின் அடியில் என் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'புதன்கிழமை'. யார் என்ன துணி கொடுத்தாலும், "புதன்கிழமை வாங்கிக்கோங்க" என்பேன். எந்தப் புதன்கிழமை என்று இதுவரை அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது.

அளவெடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெட்டுவதிலும் குறை சொல்ல முடியாது. வெட்டிய துண்டுகளைச் சுருட்டி, மேலே பெயர்ச்சீட்டைக் குத்தி, அலமாரியில் அடுக்குவேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தாமதமாகும். அந்த அலமாரியைப் பார்த்தால் ஊருக்கே நான்தான் உடை தைக்கிறேன் என்று தோன்றும். கொக்கியில் தைத்து முடித்துத் தொங்குவது எத்தனை என்று பார்த்தால் மானம் போகும். என் அக்காவின் நீல நிறக் கோட்டுகூட பதினோரு மாதமாக மூன்றாம் தட்டில் சுருண்டு கிடந்தது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் நோயும் இதேதான்.

முப்பத்தைந்து வயதுவரை சளி எனக்கு வீட்டு மனிதர் மாதிரி. வந்தால் போகாது, போனால் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வரும். காதில் சீழ், மூக்கில் அடைப்பு, மூன்று முறை நிமோனியா. "உனக்கு உடம்புல தெம்பு இல்ல, மனசுலயும் இல்ல" என்பாள் அக்கா. கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில், எதிர்ப்பு சக்திக்கென்றே தனியாக இருக்கும் பிரிவில், ஒரு டாக்டர் அம்மாள் என் ரத்தத்தைப் பல குழாய்களில் பிடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உங்க உடம்புல பி செல் இல்லாம இல்ல. எண்ணிப் பாத்தா, எல்லாருக்கும் இருக்கிற அளவு இருக்கு."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒவ்வொரு பி செல்லும் ஏதோ ஒரு கிருமியோட அளவ வச்சிக்கிட்டு உடம்பு முழுக்கச் சுத்திக்கிட்டிருக்கும்," என்று அவர் ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டார். "அந்தக் கிருமி உள்ள வந்தா சரியா அடையாளம் கண்டுக்கும். அதுக்கப்புறம் அது பெருகி, முத்தி, ஆன்டிபாடிய ஆயிரக்கணக்குல தயார் பண்ணி வெளிய அனுப்பணும். அதுதான் கிருமியப் புடிச்சு அழிக்கும். கொஞ்சம் செல்லு, நடந்தத ஞாபகம் வச்சிக்கிட்டு அடுத்த தடவைக்காகக் காத்திருக்கணும். உங்களோட செல்லுங்க அடையாளம் கண்டுக்குதுங்க. ஆனா கடைசி வேலைக்குப் போக மாட்டேங்குதுங்க. பாதியிலயே நின்னுடுதுங்க."

நான் அவரையே பார்த்தேன்.

"டாக்டர், நீங்க எப்பவாவது என் கடையில துணி குடுத்திருக்கீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏங்க, நூலப் போல சேலைன்னு சொல்லுவாங்க. உங்க செல்லுகூட உங்களப் போலவே இருக்கு பாருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் உடம்பு என்னிடம்தான் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறது, அதை யார்மேல் போய்ச் சொல்வது?

அன்றிலிருந்து பதின்மூன்று வருடமாக, ஞாயிறுதோறும் காலையில் வயிற்றுத் தோலில் இரண்டு மெல்லிய ஊசிகளைக் குத்திக்கொண்டு உட்காருகிறேன். ஒரு சின்ன பம்ப் ஒன்றரை மணி நேரம் மருந்தைத் தள்ளும். மருந்து என்றால், ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள், டாக்டர் சொன்ன அதே ஆன்டிபாடி. உடம்பு அதைச் சில வாரங்களில் தீர்த்துவிடும், என் செல்கள் புதிதாக ஒன்றும் செய்யாது, ஆகவே மறுபடியும் ஏற்றவேண்டும். என் கடையில் நான் தைக்காமல் பக்கத்துக் கடையில் சட்டை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோலத்தான். ஆனால் நிமோனியா மட்டும் அதற்குப் பிறகு எட்டிப்பார்க்கவில்லை.

போன வருடம் அந்த டாக்டர் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். என்னைப் போன்றவர்களின் பி செல்கள் எந்தப் படியில் நின்றுபோகின்றன என்று பார்க்க வேண்டுமாம். அதற்குத்தான் நாய்க்கடி ஊசி.

"அது எதுக்கு டாக்டர்?"

"இப்ப உங்க ரத்தத்துல அம்மைக்குப் பாத்தாலும் ஆன்டிபாடி இருக்கும், டெட்டனஸுக்குப் பாத்தாலும் இருக்கும். எல்லாம் அடுத்தவங்களோடது. நாய்க்கடி ஊசி போட்டவங்க ரொம்பக் குறைவு. அதனால அதுக்கான ஆன்டிபாடி நீங்க ஏத்திக்கிற மருந்துல அநேகமா இருக்காது. ஊசி போட்ட பின்னாடி உங்க ரத்தத்துல அது தெரிஞ்சா, அது உங்க செல்லோட சொந்த உழைப்பு."

சொந்த உழைப்பு! அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"எவ்வளவு இருந்தா பாஸ்?"

"பாஸ் ஃபெயில்னு இல்ல. அரை யூனிட்டுக்கு மேல இருந்தா நல்ல எதிர்ப்புன்னு சொல்லுவோம்."

"அரை வந்துட்டா ஞாயித்துக்கிழமை ஊசிய நிறுத்திடலாமா?"

"அதெல்லாம் இப்பப் பேச வேணாம்" என்றார். என் காதில் 'நிறுத்திடலாம்' என்றுதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அன்றே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத நெருங்கிய ரத்த உறவு ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவருக்கும் அதே ஊசி, அதே சோதனை. எனக்கு இருக்கும் ஒரே ரத்த உறவு அக்கா.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கணக்கு டீச்சராகச் சேர்ந்து இப்போது தலைமை ஆசிரியை. இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுத்ததில்லை. "அக்காவப் பாரு" என்ற இரண்டு வார்த்தையைச் சாப்பிட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவள் நூற்றுக்கு நூறு வாங்குவாள், நான் அவளுடைய பழைய புத்தகத்தை வாங்குவேன். அக்காவுக்கு நோய் வராது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இருமல் உண்டு. ஆனால் அது நோயில் சேராது, சாக்பீஸ் தூசியில் சேரும். அவள் வருவதற்கு முன்பே இருமல் வராந்தாவில் வந்துவிடும், அதைக் கேட்டதுமே வகுப்புகள் அமைதியாகிவிடும். அது பள்ளிக்கு வசதியாகவே இருந்தது.

இப்போது செல் கணக்கிலும் அவளோடு என்னை ஒப்பிடப் போகிறார்கள். நான் வெட்கமில்லாமல் அவள் அறைக்குப் போய் நின்றேன். மேசையில் விடைத்தாள்கள் குவிந்திருந்தன. சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம்டா ஆகும் இது?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"நாலு தடவ வந்தா போதும்க்கா. மூணு ஊசி, அப்புறம் ஒரு தடவ ரத்தம்."

"எனக்கெதுக்குடா நாய்க்கடி ஊசி?"

"உன் ஸ்கூல்ல எண்ணூறு பசங்க இருக்காங்க. எவனாவது கடிச்சு வச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. வெளியே மூன்றாம் வகுப்பு கப்சிப் ஆனது.

படிவம் எட்டுப் பக்கம். "நான் நெரப்பறேன்க்கா, நீ கையெழுத்து மட்டும் போடு" என்று எதிரில் உட்கார்ந்தேன். ஐந்தாம் பக்கத்தில் கேள்விகள். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? இரண்டு வருடத்தில் நெஞ்சில் சளி கட்டியதுண்டா? கிருமிக்கொல்லி மாத்திரை எத்தனை முறை? பேனா அங்கே நின்றது. போன மழைக்காலத்தில் அக்காவின் கணவர், என் மாமா, கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது, "உங்க அக்காவுக்கு மூணாவது தடவையா மாத்திரை ஓடுதுப்பா, கேட்டா தூசிங்கறா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. உண்மையை எழுதினால் அவளைச் சேர்க்கமாட்டார்கள். அவளைச் சேர்க்காவிட்டால் எனக்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

'இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக 'டிக்' அடித்தேன். அவ்வளவு நேராக நான் எந்தச் சட்டையிலும் தையல் போட்டதில்லை. அக்கா படிவத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "நேரத்துக்கு வந்து சேரு" என்று மட்டும் சொன்னாள்.

வேடிக்கையைப் பாருங்கள், ஊசி போட்ட நாட்களெல்லாம் புதன்கிழமை. வாழ்க்கையில் முதல் முறையாகப் புதன்கிழமை சொன்ன வேலையைப் புதன்கிழமையே செய்தேன். அக்கா பத்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பாள், அது வேறு விஷயம்.

அந்த இரண்டு மாதமும் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் நடந்தேன். நேரத்துக்குத் தூங்கினேன். குளியலறையில் என் செல்களிடம் பேசினேன். "அப்பா, இந்த ஒரு தடவ மட்டும் மானத்தக் காப்பாத்துங்கப்பா. அரை போதும். அரைக்கு மேல நான் கேக்கவே இல்ல" என்று கெஞ்சினேன்.

"ஏங்க, உள்ள யாருகூடப் பேச்சு?" என்றாள் மனைவி.

"என் பி செல்லோட."

"நான் பேசினா உங்களுக்கே காது கேக்காது. அதுங்களுக்கு மட்டும் கேட்டுடுமா?"

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் பாஸாக வேண்டும் என்று வேண்டியது பாதிதான். மீதிப் பாதி, அக்காவின் மார்க் கொஞ்சம் குறையவேண்டும் என்பது. ஃபெயிலாக வேண்டும் என்றெல்லாம் இல்லை, சத்தியமாக. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவள் முகம் மார்க்ஷீட்டைப் பார்த்துச் சுருங்குவதைப் பார்க்கவேண்டும். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வேண்டிக்கொள்ள வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

முடிவு சொல்ல இருவரையும் ஒன்றாக வரச்சொன்னார்கள். போனதும் டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல செய்திக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"உங்களோடது எதிர்பார்த்ததுதான்," என்றார் என்னிடம். "அளக்கக்கூடிய அளவு ஒண்ணும் வரல."

அரை இல்லை, அரைக்கால்கூட இல்லை, முட்டை. பி செல்கள் ஊசி மருந்துக்கு அளவெடுத்திருக்கும், அலமாரியில் வைத்திருக்கும், புதன்கிழமை வரச் சொல்லியிருக்கும். ஏமாற்றத்தை அக்கா முன்னால் காட்டிக்கொள்ளாமல் கால்மேல் கால் போட்டேன்.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வரலம்மா."

"என்ன வரல?"

"ஊசிக்கு எதிர்ப்பு வரல. அதோட, உங்க ரத்தத்துல பொதுவா இருக்கவேண்டிய ஆன்டிபாடியே பாதிக்கும் கீழ இருக்கு. நல்லா இருக்கிறவங்களோட சாம்பிளயெல்லாம் சேத்துவச்சுக் கடைசியிலதான் பாத்தோம். இவரோட மாதிரியேதான். பி செல் இருக்கு, ஆனா முத்தின செல்லு இல்ல. சில குடும்பத்துல ரெண்டு பேருக்கு வர்றது உண்டு."

அக்கா அசையவில்லை. ஒரு பெற்றோரிடம் பேசுகிற குரலில், "குழாய் மாறியிருக்கும் டாக்டர்" என்றாள். "இவனோட ரத்தத்த என் பேர்ல போட்டிருப்பாங்க. எங்க ஸ்கூல்லயே மார்க் பதியறப்ப இந்த மாதிரி ஆகும்."

அந்த ஒரு நொடியில் என் கேடுகெட்ட மனசு என்ன செய்தது தெரியுமா? குழாய் மாறியிருந்தால் அவளுடைய மார்க் என்னுடையது ஆயிற்றே, அப்படியானால் நான் பாஸ் என்று துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே விழுந்தது. கணக்கு சரியாக வரவில்லை.

"அக்கா," என்றேன் மெதுவாக, "ரெண்டு குழாயிலயுமே முட்டைதான்க்கா. மாத்திப் போட்டாலும் அதே மார்க்தான்."

முட்டையையும் முட்டையையும் இடம் மாற்றினால் என்ன வரும் என்று கணக்கு டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் முகம் சுருங்கியது. நான் ஆயுசு முழுக்கப் பார்க்க ஆசைப்பட்ட அந்த முகம் எனக்கு எதிரிலேயே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். போட்டிருந்த கால் தானாகக் கீழே இறங்கியது.

டாக்டர் படிவத்தை எடுத்தார். "ரெண்டு வருஷத்துல நெஞ்சுல சளியே கட்டினதில்லன்னு இருக்கே. இருமலும் இல்லன்னு போட்டிருக்கு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இருமல் இருக்கு. சாக்பீஸ் தூசி" என்றாள்.

"இன்னும் உங்க ஸ்கூல்ல சாக்பீஸா?"

"இல்ல. வெள்ளைப் பலகை வந்து ஆறு வருஷமாச்சு" என்றாள்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரியத் தொடங்கியிருந்தன. டாக்டர் மழுப்பாமல் சொன்னார். ஆனது ஆனதுதான், திரும்பச் சுருங்காது. இப்போதே மருந்து ஏற்றத் தொடங்கினால் இதோடு நிறுத்திவிடலாம். தள்ளிப்போட்டால் ஒவ்வொரு சளியும் இன்னும் கொஞ்சம் கிழித்துவிட்டுப் போகும், பிறகு மாடிப்படி ஏறவே மூச்சு போதாது.

"பரீட்சை முடியட்டும்" என்றாள் அக்கா.

எந்தப் பரீட்சை என்று அவள் சொல்லவில்லை. அரையாண்டு முடிந்தது, வரவில்லை. மாதத் தேர்வு முடிந்தது, வரவில்லை. மாமா என் கடைக்கு வந்து, அளவு எதுவும் கொடுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் சொன்னா எரிஞ்சு விழறாப்பா. வாரா வாரம் ஊசி குத்திக்கிட்டு ஒக்கார நான் என்ன நோயாளியாங்கறா. ராத்திரில மூச்சு கர்கர்ருங்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் இருந்து கழற்றாமலே பள்ளிக்கு ஓடினேன்.

அக்கா அறையில் தனியாக இருந்தாள். மேசையில் ஒரு டம்ளர் வெந்நீர்.

"என்னடா, கோட்டு தச்சிட்டியா?"

"இல்லக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஊர்ல என் பேரு புதன்கிழமை. தள்ளிப்போடறதுல எனக்குத் தெரியாத வித்தை கிடையாது. நீ இந்தத் தொழிலுக்குப் புதுசு. 'பரீட்சை முடியட்டும்' எல்லாம் நான் பால்பல்லு விழறதுக்கு முன்னாடியே சொல்லிப் பாத்தது. என்கிட்டயே விடறியா?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

"மூணு நிமோனியா வந்துச்சு எனக்கு. மூணாவது தடவ மூச்சு இழுத்தா உள்ள வராது. வாயத் தொறந்துக்கிட்டு, கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு... அப்ப நீதான பக்கத்துல ஒக்காந்திருந்த? அது உனக்கு வரக்கூடாதுக்கா." அதற்கு மேல் தயாரித்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "நீ போயிட்டா என்னை யாருகூட ஒப்பிடுவாங்க? நான் தனியா நின்னா எவ்ளோ மட்டம்னே யாருக்கும் தெரியாமப் போயிடும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் முதுகைத் தடவினேன். வெளியே மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, வராந்தா முழுக்க அமைதி. எண்ணூறு பிள்ளைகள் அவள் இருமலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இருமல் அடங்கியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களுக்கு இது பழகிப்போச்சுடா" என்றாள். பிறகு, "என்னைக்கு வரணும்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

முதல் நான்கு வாரம் ஐந்தாம் மாடியில், நர்ஸ் பக்கத்திலிருந்து சொல்லித்தர ஏற்றிக்கொண்டாள். ஐந்தாவது ஞாயிறு என் வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் இரண்டு நாற்காலி, இரண்டு பம்ப், நடுவில் தையல் மெஷின். "நீ ஊசிக்காரன்தான, நீயே பாத்துச் சொல்லு" என்றாள். குத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, "பயமா இருக்குடா" என்றாள். அக்கா வாயில் அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

"எனக்கு இன்னமும் பயமாத்தான்க்கா இருக்கு. பதிமூணு வருஷமா நான் குத்தறப்ப பாட்டு முணுமுணுக்கறது அதுக்குத்தான்."

பம்ப் மெதுவாக ஓடத் தொடங்கியது. முகம் தெரியாத யாரெல்லாமோ கொடுத்தது எங்கள் இருவருக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவளுடைய நீலக் கோட்டை மெஷினில் வைத்து, அதன் கைப்பகுதியை உடற்பகுதியோடு சேர்த்துத் தைத்தேன். மனசு மட்டும் நேராக ஓடவில்லை. மெஷினை நிறுத்தினேன்.

"அக்கா, அந்தப் படிவத்துல வரிசையா 'இல்லை'ன்னு போட்டேன்ல. தெரியாமப் போடல. மாமா எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தாரு. உண்மைய எழுதினா என் இடம் போயிடும்னு போட்டேன். அப்பவே எழுதியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. நான் ஒரு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இருபத்தேழு வருஷத்துல நான் படிக்காமக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு காட்டு பாப்போம்."

நான் அவளைப் பார்த்தேன். "அப்ப ஏன் திருத்தல? கையில செவப்புப் பேனாதான இருந்துச்சு?"

அவள் வயிற்றுக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாம் பக்கத்துல வரிசையா 'இல்லை, இல்லை'ன்னு போட்டிருந்த. பாக்க நல்லா இருந்துச்சுடா. அப்படியே இல்லாமப் போயிடாதான்னு இருந்துச்சு."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தப்பைச் சுழித்தவள், ஒரே ஒரு தப்பான விடையை அப்படியே விட்டிருக்கிறாள். அதுவும் நான் எழுதியது. எனக்கு ஊசித் துளை தெரியவில்லை, நூல் கோக்க முடியவில்லை. நூல் மட்டமானது என்று நூலைத் திட்டினேன்.

"கண்ணத் தொடச்சிக்கிட்டுத் தை" என்றாள் அக்கா. "எப்ப குடுப்ப?"

"காஜா ஓட்டை மட்டும்தான்க்கா பாக்கி. பொத்தான் வச்சுடலாம். புதன்கிழமை வாங்கிக்கோ."

"எந்தப் புதன்கிழமை?"

இருபது வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் எழுந்தேன். பம்ப் குழாய் இழுக்காமல் பார்த்துக்கொண்டு, சுவரில் இருந்த நாள்காட்டிக்குப் போய்த் தேதியைப் பார்த்துச் சொன்னேன்.